தோட்டப் பாடசாலையில் முதல் ஓராண்டு: ஆசிரியருக்கும் அதிபருக்குமான முழுமையான வழிகாட்டி

நியமனக் கடிதத்தில் பாடசாலையின் பெயரும் கல்வி வலயத்தின் பெயரும்தான் இருக்கும். தலவாக்கலையிலோ பசறையிலோ பஸ்ஸை விட்டு இறங்கி, சந்திக் கடையில் வழி கேட்டால்தான் மிச்சம் தெரியும். "அது மேல்கணக்குப் பள்ளிக்கூடம் டீச்சர், இன்னும் மூணு கிலோமீட்டர் ஏறணும். மழை பேஞ்சா ஆட்டோ வராது." மேல்கணக்கு என்றால் தோட்டத்தின் மேற்பக்கப் பிரிவு, டிவிஷன் என்றும் சொல்வார்கள்.

அப்படி ஏறிப் போனவள்தான் நானும். இருபத்திரண்டு வருடம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தேன், அதில் கடைசி ஏழு வருடம் அதிபராக. புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கும், எதிர்பாராமல் பதில் அதிபராகிச் சாவிக்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரவுப் பதிவேடான இடாப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் காலையில் எங்கிருந்து வருகிறது, வாசிப்பில் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது, இந்த இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற வேலைகளை எங்கே தொடங்குவது என்பது அதிலிருந்து தெரியவரும்.

1. முதல் இரண்டு வாரம்: இடாப்பைக் குறுக்காக வாசியுங்கள்

வரவு இடாப்பை நாம் வழக்கமாக மேலிருந்து கீழே பார்ப்போம். இன்று எத்தனை பேர் வரவு, எத்தனை பேர் வரவில்லை, கூட்டிப் போட்டு ஒப்பம் வைத்து மூடிவிடுவோம். ஒரு மாதம் அதை இடமிருந்து வலமாக, பிள்ளை பிள்ளையாக வாசித்துப் பாருங்கள்.

நான் முதன்முறை அப்படிப் பார்த்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில். தரம் 4 இல் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நாட்களில் வரவில்லை. மூவரும் உறவும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. பழைய திகதிகளை எடுத்து வைத்து யோசித்தபோதுதான் அவையெல்லாம் கடும் மழை நாட்கள் என்று பிடிபட்டது. மூன்று பேரும் வரும் குறுக்குப் பாதையில் ஒரு ஓடை இருக்கிறது. அதன்மேல் போட்டிருந்த மரப்பாலம் முந்தைய வருடமே அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே "அக்கறையில்லை" என்று முன்பு யாரோ எழுதி வைத்திருந்தார்கள். தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், இரண்டு முறை நேரிலும் போனேன். நான்கு கொங்கிறீட் தூண் துண்டுகளைக் குறுக்கே போட்டுக் கொடுத்தார்கள். அந்த மூவரின் வரவு அதற்குப் பிறகு மழையைப் பார்க்கவில்லை.

இப்படிக் குறுக்கே வாசித்தால் இன்னும் சில கோலங்கள் கண்ணில் படும். சம்பளத்துக்கு மறுநாள் வராத பிள்ளை, அம்மாவோடு டவுனுக்குப் போயிருக்கும். வாரத்தில் ஏதோ இரண்டு நாள் வராத அக்கா, காய்ச்சலான தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) எடுக்காததால் வீட்டில் இருந்திருப்பாள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கிற நாட்களில் இரவு முழுக்க விழித்திருக்கிற பையன்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே ஏச்சைக் கொடுத்தால் எதுவும் மாறாது.

அப்புறம் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடந்து போங்கள். ஒரே நாளில் வேண்டாம், பாடசாலை விட்டபின் வாரத்துக்கு ஒரு டிவிஷன் போதும். ஒரு பெரிய தாளில் கையால் வரைபடம் போடுங்கள். பாடசாலை, பெரட்டுக் களம் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), தொழிற்சாலை, கோயில், ஓடை, ஒவ்வொரு லயமும் அங்கிருந்து வரும் பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கட்டும். அம்மா ஆறு மணிக்கெல்லாம் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் பிள்ளையை யார் எழுப்பித் தலைவாரி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். அம்மா வெளிநாட்டிலோ கொழும்பிலோ வீட்டு வேலைக்குப் போயிருந்தால் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) பெயரையும் பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தகவல் அலுவலகப் படிவத்தில் கேட்கப்படாது. உங்கள் கையில் அவசியம் இருக்க வேண்டும்.

2. மூன்றாவது வாரம்: ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தரம் 3 முதல் 9 வரை எந்த வகுப்பானாலும் சரி, தரம் 2 தமிழ் நூல் அளவிலான ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டுப் பத்து வரி. கூடவே ஒரு அட்டையில் பத்து எழுத்துகள், இன்னொன்றில் பத்துச் சொற்கள், மூன்றாவதில் நான்கு சின்ன வாக்கியங்கள். விறாந்தையில் ஒரு வாங்கு போட்டு, பிள்ளையை ஒவ்வொருவராக அழையுங்கள். மற்றவர்கள் கேட்காத தூரம் வேண்டும். வாக்கியத்தில் தொடங்குங்கள். வாசித்தால் பகுதிக்கு மேலே போங்கள், தடுமாறினால் சொல்லுக்கு இறங்குங்கள், அதற்கும் முடியாவிட்டால் எழுத்துக்கு. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். முப்பது பிள்ளைகளை மூன்று நாளில், நாளுக்கு அரை மணி நேரம் வைத்து முடித்துவிடலாம். பக்கத்து இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 இலிருந்து கிராமம் கிராமமாக நடத்திவரும் ஏசர் கணிப்பும் ஏறத்தாழ இந்த ஏணியைத்தான் பயன்படுத்துகிறது: எழுத்து, சொல், பத்தி, கதை.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பாடநூலில் இருக்கும் பாடத்தையே கொடுத்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கடகடவென்று சொல்லும். தரம் 5 இல் ஒரு பையன் விரலை வரிக்கு வரி அழகாக நகர்த்திக்கொண்டே ஒரு பக்கத்தையும் முடித்தான். நடுவில் ஒரு சொல்லின்மேல் என் விரலை வைத்து "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்து, அந்தச் சொல் வரும் இடம்வரை வந்தான். உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு வருடம் காதால் படித்திருக்கிறான், ஒரு சொல்லையும் கண்ணால் பார்க்கவில்லை. அவனை மந்தமான பிள்ளை என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு பாடத்தையும் கேட்டே மனப்பாடம் செய்தவன் அவன். ஆகவே பகுதியை நீங்களே எழுதுங்கள், பிள்ளைகள் முன்பு பார்த்திராததாக.

தடுக்கும் இடத்தையும் குறியுங்கள். தமிழில் அது பெரும்பாலும் சில இடங்களில்தான் இருக்கும்: எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு (கெ, கே, கை), இரண்டு பக்கமும் அணைக்கிற கொ, கோ, அப்புறம் ர–ற, ல–ள–ழ, ன–ண. "இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது" என்று எழுதினால் நாளை என்ன செய்வதென்று தெரியாது. "கெ–கே குழம்புகிறது, கூட்டெழுத்தில் நிற்கிறது" என்று எழுதினால் தெரியும். நான் இதற்கென்று ஒரு சிஆர் கொப்பி (தடித்த பெரிய கொப்பி) வைத்திருப்பேன், பிள்ளைக்கு ஒரு பக்கம்.

3. தினமும் நாற்பது நிமிடம்: வகுப்பை மறந்து நிலையின்படி உட்கார வையுங்கள்

கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. தினமும் ஒரு பாடவேளையை வாசிப்புக்கென்று ஒதுக்குங்கள். தரம் 3, 4, 5 பிள்ளைகளை ஒன்றாகக் கலந்து எழுத்து, சொல், வாக்கியம், பகுதி என்று நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஆசிரியர்கள் ஆளுக்கொரு குழு. பகுதி வாசிக்கிற குழுவுக்கு ஆள் போதாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களால் புத்தகத்தோடு தனியாக இருக்க முடியும். அனுபவமுள்ள ஆசிரியர் எழுத்துக் குழுவுக்குப் போக வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது, மிகச் சிறந்த ஆசிரியரை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எழுத்துக் குழுவுக்கு அ, ஆ, இ என்று வரிசையாகப் போகத் தேவையில்லை. ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கினால் இரண்டாவது நாளே "படம்", "பட்டம்", "மடம்" என்று சொல் கூட்டலாம். ஒரு சொல்லைத் தானே வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு நீங்களே இந்த முறையை விடமாட்டீர்கள். சொல் குழுவுக்கு வீட்டுச் சொற்களைக் கொடுங்கள்: கூடை, கொழுந்து, லயம், மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டில்), ரொட்டி. "கொழுந்து" என்ற ஒரு சொல்லில் கொம்பும் காலும் உண்டு, ழகரமும் உண்டு, மெய்யும் உண்டு. அதை வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு எத்தனையோ சொற்கள் இலேசாகிவிடும்.

வாக்கியக் குழுவுக்கு நான் கண்ட நல்ல வழி இது. பிள்ளையிடம் ஏதாவது கேளுங்கள், அது சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். ஒருமுறை ஒரு பையன் சொன்னான், "எங்கம்மா வெள்ளனே மலைக்குப் போயிரும்." அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். கீழே, "எங்கள் அம்மா அதிகாலையிலேயே மலைக்குப் போய்விடுவார்" என்று எழுதினேன். இரண்டையும் வாசித்தோம். "மேல இருக்கிறது வீட்டுப் பேச்சு, கீழே இருக்கிறது புத்தகப் பேச்சு. ரெண்டும் நம்ம தமிழ்தான்" என்றேன். தோட்டப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற ஆசிரியருக்கு முன்னால் பிள்ளை வாயைத் திறக்காது, வாயைத் திறக்காத பிள்ளைக்கு வாசிப்பும் வராது. வெளி மாவட்டங்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

இந்தப் பாடவேளையை நேரசூசியில் எங்கே வைப்பது? முதலாம் பாடவேளையில் வேண்டாம். பஸ் தாமதம், பனிமூட்டம், மழை எல்லாம் முதல் பாடவேளையைத்தான் தின்னும். பிந்தி வருகிற பிள்ளைக்குத்தான் வாசிப்பு அதிகம் தேவை. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வையுங்கள், இடைவேளைக்கு முன்னால். உங்கள் பாடசாலையில் சத்துணவு கொடுக்கப்படுகிறது என்றால் அதை முடிந்த அளவு காலையிலேயே கொடுக்கப் பாருங்கள். சாயத்தண்ணியோடு (பால் இல்லாத தேத்தண்ணி) மட்டும் ஏறி வந்த பிள்ளைக்குப் பத்தரை மணிவரை எழுத்து கண்ணில் நிற்காது.

4. பாடத்தைத் தோட்டத்தின் வழியாகக் கொண்டுவாருங்கள்

பாடநூலில் பனையும் கடலும் வந்தால் படம் காட்டி விளக்குவோம். சரி. ஆனால் பிள்ளைக்கு முன்னாலேயே இருப்பதைப் பல நேரம் நாம் பயன்படுத்துவதே இல்லை.

சமவுயரக் கோடு என்றால் தரம் 10 பிள்ளைகள் பாதிப்பேருக்கு வயிறு கலங்கும். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கிற கோடு என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள், படத்தில் பார்த்து எது மேடு எது பள்ளம் என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்க மலையைப் பார்க்கச் சொன்னேன். அங்கே வீபீ தேயிலை, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த தேயிலை, மலையைச் சுற்றி வரிசை வரிசையாக நட்டது. "ஒரு வரிசையில கொழுந்து எடுத்துக்கிட்டே போனா ஏறுவீங்களா, இறங்குவீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல டீச்சர், ஒரே மட்டமாப் போகும்." "அதுதான் சமவுயரக் கோடு." இதையே மேலிருந்து பார்ப்பதுபோல் படத்தில் வரைந்தால், கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்து, விலகும் இடம் சரிவு குறைவு என்று அவர்களே சொன்னார்கள். பழைய விதைத் தேயிலை இருக்கிற மலையில் இப்படி வரிசை தெரியாது, ஆகவே எந்த மலை என்று முன்னமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணிதத்துக்குக் கொழுந்து நிறுவை இருக்கிறது. 24 கிலோ நிறுத்ததில் தண்ணீருக்கும் சாக்குக்கும் 2 கிலோ கழித்தால் எத்தனை வீதம் கழிந்தது? நூற்றுக்கு எட்டுக்கும் சற்று மேல். மிச்சம் 22 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ தேயிலைத்தூள் வரும். கோப்பைக்கு 2 கிராம் போட்டால் 2,250 கோப்பை. தன் அம்மாவின் ஒருநாள் வேலை இரண்டாயிரம் பேருக்கு மேல் தேத்தண்ணி என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த ஒரு பெண்பிள்ளை, அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வீதமும் விகிதமும் அவளுக்கு அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

விஞ்ஞானத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று எழுதுகிறோம். அது கடல் மட்டத்துக் கணக்கு. உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதால் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். வெப்பமானியை வைத்துக் காட்டுங்கள். கேத்தலை நீங்கள் கையாளுங்கள், பிள்ளைகள் வாசிப்பை மட்டும் எடுக்கட்டும். "நம்ம ஊர்ல பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மழையையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை விடாமல் நனைக்கும். பதுளைப் பக்கத்துக்கு ஆண்டின் இறுதியில் வடகீழ் மழை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது கத்திப் படிப்பிப்பதில் பயனில்லை, தொண்டைதான் போகும். "மழைப் பாடம்" என்று ஒரு கட்டு தயாராக இருக்கட்டும்: பேசாமல் செய்யும் கணக்கு, படம் பார்த்து எழுதுவது, சோடி சேர்ந்து கொப்பி திருத்துவது. இருட்டு நாளில் பின்வாங்கில் இருப்பவர்களை யன்னலோரத்துக்கு மாற்றுங்கள். கரும்பலகை தெரியவில்லை என்று எந்தப் பிள்ளையும் தானாகச் சொல்லாது.

5. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

சிறிய பாடசாலைகளில் இதுதான் நிலைமை. இதற்கு நான் கண்ட ஒழுங்கு எளிது. ஒரு நேரத்தில் ஒரு வகுப்புக்குத்தான் புதிதாக விளக்க முடியும், மற்ற வகுப்புக்குச் செய்வதற்கு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை, பிள்ளை உங்களைக் கேட்காமலேயே தொடங்கி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். காலையில் வந்ததும் கரும்பலகையை மூன்றாகப் பிரித்து எழுதிவிடுங்கள். சூழல்சார் செயற்பாடுகளை இரண்டு வகுப்பு சேர்த்தே செய்யலாம். கணிதத்தை மட்டும் சேர்க்காதீர்கள், அதில் விட்ட படி பின்னால் வந்து காலை இடறும்.

6. பெற்றோரை எப்போது, எங்கே சந்திப்பது

என் முதல் வருடத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு பிள்ளை தொடர்ந்து வீட்டுவேலை செய்யவில்லை என்று, "நாளைக்கு ஒன்பது மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று அனுப்பினேன். அம்மா வந்தார். நான் பத்து நிமிடம் பேசினேன். போகும்போது பக்கத்தில் நின்ற ஆசிரியை மெதுவாகச் சொன்னார், "இன்னைக்கு அவங்களுக்குப் பேர் போச்சு டீச்சர்." பத்து நிமிடப் பேச்சுக்காக ஒரு தாயின் ஒருநாள் சம்பளத்தை நான் எடுத்திருக்கிறேன். அந்த அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வேலை நேரத்தில் எந்தப் பெற்றோரையும் நான் வரச் சொன்னதில்லை.

மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்தபின், அல்லது ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் முன்னாலோ பிள்ளைக் காம்பராவிலோ கூட்டம் வையுங்கள். அவர்கள் பாடசாலைக்கு ஏறி வருவதைவிட நீங்கள் லயத்துக்கு இறங்கிப் போவது நல்லது. தோட்டப் பள்ளிகளில் பல 1970களின் கடைசியில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டத்தின் கையில்தான் இருந்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் என்பது தங்களுக்குப் பேச உரிமையுள்ள இடம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பேசும்போது முறைப்பாட்டில் தொடங்காதீர்கள். "அக்கா, உங்க மகன் நேத்து தனியா ஒரு பக்கம் வாசிச்சான். இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கேன், கொஞ்சம் கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "எனக்கு எழுத்துத் தெரியாதே டீச்சர்" என்பார். "தெரியாட்டிப் பரவாயில்ல அக்கா. பக்கத்துல உக்காந்து கேட்டாப் போதும்." எழுத்துத் தெரியாத தாயாலும் செய்ய முடிகிற உதவி அது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

7. அதிபராக இருந்தால்

அதிபர் மேசையில் கடிதத்துக்குக் குறைவே இருக்காது. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு நாளில் மூன்று விபரம் கேட்டு வரும், மூன்றும் நேற்றே வேண்டும் என்றிருக்கும். அவற்றை இடைவேளைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏழரையிலிருந்து இடைவேளைவரை உங்கள் இடம் வகுப்பறைகளின் விறாந்தை. அதிபர் நடமாடுகிற பாடசாலையில் பாடவேளை தானாகவே நேரத்துக்குத் தொடங்கும்.

வாரத்துக்கு இரண்டு ஆசிரியரின் வகுப்பில் பத்து நிமிடம் உட்காருங்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்து மூன்றைப் பாருங்கள்: எத்தனை பிள்ளை வாய் திறந்தது, உங்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கொப்பியில் என்ன இருக்கிறது, பிழையான விடை வந்தபோது ஆசிரியர் என்ன செய்தார். அன்றே, தேத்தண்ணி குடிக்கும்போது, ஒன்றை மட்டும் பேசுங்கள். ஏழு குறை சொன்னால் ஏழும் காற்றில் போகும். நான் ஒரு பாடசாலையில் இளம் ஆசிரியையாக இருந்தபோது மேற்பார்வைக்கு வந்தவர் பாடக்குறிப்புப் புத்தகத்தின் ஓரக்கோட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், பிள்ளைகளின் பக்கம் திரும்பவே இல்லை. அப்படி ஒரு மேற்பார்வையை உங்கள் ஆசிரியர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆள் இல்லாத பாடம் எப்போதும் இருக்கும், பெரும்பாலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். இடமாற்றத்துக்குக் காத்திருக்கும்போதே பக்கத்துப் பாடசாலை அதிபரோடு பேசி வாரத்தில் ஒரு நாள் ஆசிரியரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், வலயத்தின் அனுமதியோடு. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் பயின்று வந்தவர்கள் நம் பகுதிப் பாடசாலைகளில் நிறைய இருக்கிறார்கள். உங்கள் ஆசிரியர்களில் யாருக்கு எது கைவரும் என்று கேட்டு, மாதத்தில் ஒரு மாலை அவரையே மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் செயலமர்வைவிட அது அதிகம் ஒட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவை ஒவ்வொரு மாதமும் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், நூறு ரூபாயாக இருந்தாலும். பிரம்பை அலுமாரியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். உடல் தண்டனையைச் சுற்றறிக்கையே தடைசெய்திருக்கிறது. அடிக்குப் பயந்து பின்பக்கமாக இறங்கிப் போன பிள்ளை பிறகு கொழும்பில் கடை வேலைக்குத்தான் போகும்.

8. புலமைப்பரிசிலும் சாதாரண தரமும்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் இரண்டு பேர் சித்தியடைந்தால் வாசலில் பதாகை கட்டுகிறோம். சந்தோசம்தான், கட்டுவோம். அதே வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் தரம் 6 க்குப் போன ஒன்பது பேரின் பெயரையும் அதிபரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வையுங்கள். தரம் 9 இல் யார் இடைவிலகுவார்கள் என்று என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்று சட்டம் இருந்தும் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றால், பலர் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் விளங்காததால்தான் நிற்கிறார்கள்.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், உயர்தரத்துக்கு (தரம் 12, 13) போக ஆறு பாடச் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும், மூன்று திறமைச் சித்தியும் (சாதாரணச் சித்திக்கு மேற்பட்ட புள்ளி) வேண்டும். தரம் 10 முதலாம் தவணை முடிந்ததும் ஒரு பெரிய தாளில் பிள்ளைக்கு ஒரு வரி, பாடத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். ஐந்து பாடம் நிச்சயம், கணிதம் மட்டும் தொங்குகிறது என்ற பிள்ளைகளை அதிலிருந்து பிரித்தெடுங்கள். அவர்களுக்குப் பின்னேர வகுப்பில் முழுப் பாடத்திட்டத்தையும் திருப்பி ஓடாதீர்கள். பின்னம், வீதம், எளிய சமன்பாடு, வரைபு, புள்ளிவிபரம் என்று புள்ளி எடுக்கக்கூடிய பகுதிகளில் உறுதியாக்குங்கள்.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழைத் தரம் 9 இலேயே பாருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் வழியாகத்தான் போக வேண்டும். தோட்டங்களில் பிறப்பைப் பதியாமல் விட்டவர்களும், இடாப்பில் ஒரு பெயர் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்களும் உண்டு. சுப்பையா, சுப்பய்யா என்ற ஓரெழுத்து வித்தியாசம் போதும், பிள்ளை மாதக்கணக்கில் அலையும். பதிவே இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். பெற்றோருக்கு அங்கே தனியாகப் போய்ப் பேசத் தயக்கமாக இருக்கும். ஐந்தாறு குடும்பத்தைச் சேர்த்து, வேலை இல்லாத ஒரு நாளில், ஒரு ஆசிரியரைக் கூட அனுப்புங்கள்.

9. மூன்றாம் தவணை: மறுபடி அதே வாங்கு

தவணைப் பரீட்சை வேறு, இது வேறு. விறாந்தையில் அதே வாங்கைப் போட்டு, அதே அளவிலான புதிய பகுதியை வைத்து, பிள்ளைகளை மறுபடி ஒவ்வொருவராக வாசிக்கக் கேளுங்கள். சிஆர் கொப்பியில் பழைய குறிப்புக்குக் கீழே புதியதை எழுதுங்கள். எழுத்திலிருந்து வாக்கியத்துக்கு வந்தவர் எத்தனை பேர், நின்ற இடத்திலேயே நிற்பவர் யார் யார்? நிற்பவர்களின் பக்கத்தை வரவு இடாப்போடு சேர்த்துப் பாருங்கள். வரவு நன்றாக இருந்தும் வாசிப்பு நகரவில்லை என்றால் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். என் அனுபவத்தில் அப்படி அனுப்பிய ஒரு சிறுமிக்குக் கண்ணாடி கொடுத்த பிறகுதான் கொம்பும் காலும் பிரிந்தே தெரிந்தன.

கொப்பியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இடமாற்றம் வந்தாலும் பாடசாலையிலேயே இருக்கட்டும். அடுத்த வகுப்பாசிரியரை அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொல்லுங்கள்: இவனுக்கு கொ–கோ இன்னும் குழப்பம், இவள் மழை நாளில் ஓடையைச் சுற்றி வருவாள், பிந்தினால் ஏசவேண்டாம், இவனுக்கு அம்மாயிதான் எல்லாம், அவருடைய பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.